கணக்கில் ஏறாதவர்

ஐப்பசி பிறந்து, தீபாவளிப் பலகாரங்களின் கடைசித் துணுக்கும் தீர்ந்த பிறகு, தலைநகர்த் தமிழர் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு சடங்கு நிகழ்வதுண்டு. கட்டிலடியில் உறங்கிக் கிடந்த இரும்புப் பெட்டி வெளியே இழுக்கப்படும். மூடியைத் திறந்ததும் அந்துருண்டையின் நெடி வீடெங்கும் பரவும். ஸ்வெட்டர்களும் மஃப்ளர்களும் மங்கிக் குல்லாய்களும் மொட்டைமாடி வெயிலில் காயும். மாலையில் அவற்றை மடிக்கும்போதுதான் குடும்பம் ஒரு நீதிமன்றமாக மாறுகிறது. பிள்ளைக்குக் கை ஏறாதது எது, இன்னும் ஒரு பருவம் தாங்கக் கூடியது எது, யாருக்கேனும் கொடுத்துவிடத் தக்கது எது என்று தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. இறுதியில் அறையின் மூலையில் ஒரு குவியல் எஞ்சும். அதற்குப் பெயர் தருமம்.

அந்தக் குவியலைக் காணும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வினா எழும். மாத ஊதியத்தை அளந்து அளந்து செலவிட்டாலன்றி ஆண்டை ஓட்ட இயலாத ஒருவன், ஈகையைப் பற்றி எண்ணுதல் தகுமா? வடபுலத்தில் குளிர் என்பது சட்டம் இயற்றாமலே வசூலிக்கப்படும் ஒரு வரி. ரஜாய்க்குப் பஞ்சு கொட்ட வேண்டும். வெந்நீருக்கு மின்சாரம் வேண்டும். குழந்தையின் இருமலுக்கு மருந்து வேண்டும். பொங்கலுக்கு ஊர் செல்ல இரயில் சீட்டும் வேண்டும். இவ்வளவுக்கும் இடையே பிறருக்கென்று எதை எடுப்பது? எடுக்கலாம் என்றால், எவரிடமிருந்து எடுப்பது? இந்தக் கடைசி வினா முதலில் எனக்குத் தோன்றவில்லை. தோன்றச் செய்தவர் வேறொருவர்.

ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், மார்கழியையும் தையையும் முன்பனி என்றனர். மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றனர். தஞ்சைச் சீமையின் பனி வாசற்கோலத்தை நனைக்குமேயன்றி எலும்பைத் தொடாது. ஆயினும் நம் இலக்கியத்தில் போர்வை கொடுத்த கதை உண்டு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், பழநி மலையைச் சார்ந்த நாட்டை ஆண்ட ஆவியர் குடித் தலைவன். காட்டு மயில் ஒன்று குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். மயில் அதைப் போர்த்துக்கொள்ளுமா என்று அவன் ஆராயவில்லை. இவ்வாறு ஆராயாமல் கொடுப்பதைக் குறிக்கக் ‘கொடைமடம்’ என்றே ஒரு சொல் புறநானூற்றில் இருக்கிறது. பழிச்சொல்லாக அன்று, பேகனைப் போற்றும் சொல்லாகவே அது பரணர் வாக்கில் அமைந்துள்ளது.

சென்ற குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஒரு மாலை, என் மகளுக்கு இக்கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவளுக்குத் தமிழ்த் தேர்வு. மூலையில் குவியல் கிடந்தது. அதைச் சுட்டி, “நாமும் ஒரு வகையில் பேகன்தான்” என்று சற்றுப் பெருமிதத்தோடு சொன்னதாகவும் நினைவு. என் மனைவி துணி மடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்: “அது சரி, பேகன் பெண்டாட்டிக்கு என்ன கொடுத்தானாம்?”

சிரித்துவிட்டுக் கதையைத் தொடரப் பார்த்தேன்; இயலவில்லை. ஏனெனில் அவள் அறியாமல் கேட்ட அக்கேள்விக்கு விடை புறநானூற்றிலேயே இருக்கிறது. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் வாழ்ந்தான் (சிலம்பின் கண்ணகி வேறு, இவள் வேறு). கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவளுக்காகப் பரிந்து அவனைப் பாடியிருக்கின்றனர். அப்பாடல்கள் ஒரு தொகுதியாகவே புறநானூற்றில் அடுத்தடுத்து நிற்கின்றன. பரிசில் பெற வந்த புலவர்கள், எமக்குப் பொன்னும் பொருளும் வேண்டா, அவள் துயர் தீர இன்றிரவே தேரேறிச் செல் என்ற கருத்தில் வேண்டுகின்றனர். அவற்றுள் ஒன்றில் பரணர், மயிலுக்குப் போர்வை ஈந்ததை முதலில் சொல்லி அழைத்து, அதன் பிறகே மனைவியின் பேச்சை எடுக்கிறார். புகழ்ச்சியும் இடித்துரையும் ஒரே பாட்டில். நம் பள்ளிப் பாடங்களில் மயில் மட்டும் இடம்பெற்றது, கண்ணகி விடுபட்டாள்.

அப்பொழுதுதான் என் மனைவி அணிந்திருந்த ஸ்வெட்டரைக் கவனித்தேன். அது என்னுடையது. முழங்கையில் இழை விட்டுப்போனதென்று நான் கழித்துவிட்டது. எத்தனை குளிர்காலமாக அதை அணிகிறாய் என்று வினவினேன். “இது ஆறாவது” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தேதியைச் சொல்வதுபோலச் சொன்னாள். மூலைக் குவியலில் கிடந்த பிள்ளைகளின் உடைகள் அதைக் காட்டிலும் நல்ல நிலையில் இருந்தன.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்று நாம் அனைவரும் சொல்கிறோம். சிக்கனக்காரன் தன் தேவையைக் குறைத்துக்கொள்கிறான். கஞ்சன் பிறர் தேவையைக் குறைக்கிறான். சொல்வதற்கு எளிது. வாழ்க்கையிலோ இவ்விரண்டும் ஒரே சட்டையை அணிந்து திரிகின்றன. ஆறு ஆண்டுகளாக என் இல்லத்தில் நடைபெற்றது சிக்கனம் என்றே நான் நம்பியிருந்தேன். அதன் ஒரு பகுதி வேறொருவர் தோளில் ஏற்றப்பட்டிருந்தது என்பது என் கணக்குப் புத்தகத்தில் எங்கும் பதிவாகவில்லை. அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகப் பற்று வரவு பார்ப்பவன் நான். விடுபட்ட பதிவு என்பது தவறான பதிவைக் காட்டிலும் கண்டுபிடிக்க அரிது என்பதை எங்கள் துறையில் எவரும் ஒப்புக்கொள்வர்.

வள்ளுவர் ஈகை அதிகாரத்துக்கு முன்னர் ஒப்புரவறிதல் என்றோர் அதிகாரத்தை வைத்தார். அங்கே ‘அறிதல்’ என்ற சொல் ஏன் வந்தது என்று நான் எண்ணியதுண்டு. உரையாசிரியர்கள் உலக நடை அறிதல் என்பர். என் சிற்றறிவுக்கு அது வேறொன்றையும் உணர்த்துகிறது: நம்மைச் சூழ வாழ்வோருள் எவர் எதைச் சுமக்கிறார் என்று அறிந்த பின்னரே கை நீள வேண்டும்.

என் தாயார் அடுக்களையில் ஒரு மண்கலயம் வைத்திருந்தார். நாள்தோறும் உலையில் இடுவதற்கென்று அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். மாத முடிவில் அது கோயிலுக்கோ, வாசலுக்கு வரும் எளியவருக்கோ போகும். பிடியரிசி என்னும் இவ்வழக்கத்தைக் காஞ்சிப் பெரியவர் ஊர்தோறும் வலியுறுத்தினார். நம்முள் பலருடைய வீடுகளில் அக்கலயம் இருந்திருக்கும். அதன் நுட்பம் எதில் இருக்கிறதென்றால், அந்தப் பிடி சமைத்து மிஞ்சிய சோறு அன்று. சமைக்கு முன் எடுத்த அரிசி. கொடுப்பவர் உண்பதற்கு முன்பே பெறுபவரின் பங்கு பிரிந்துவிடுகிறது. எங்கள் அலுவலகத்துச் சீக்கிய நண்பர் ஒருவர், தம் சமயத்தார் வருவாயில் பத்தில் ஒரு பங்கைத் தஸ்வந்த் என்று முதலிலேயே ஒதுக்கிவைப்பர் என்று சொன்னபோது எனக்கு அந்தக் கலயமே நினைவுக்கு வந்தது.

ஆனால் மனைவியின் கேள்வி இக்கலயத்தையும் விட்டுவைக்கவில்லை. ஏழு பேருக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி குறைந்தால், அந்தக் குறை எவர் இலையில் விழுந்தது? எங்கள் இலையில் விழுந்ததாக நினைவில்லை. அம்மா எப்பொழுதும் கடைசியில்தான் உண்டார். அந்தப் பிடி அவருடைய பிடிதான் என்பது நாற்பது வயது கடந்த பின்னரே எனக்கு விளங்குகிறது. இதில் ஒரு வேறுபாடு உண்டு என்பதையும் மறைத்தலாகாது: அம்மா தம் கையால், தாம் அறிந்து எடுத்தார், என் மனைவியிடமிருந்தோ நான் கேளாமலே எடுத்திருந்தேன். எனினும், நாங்களும் அம்மாவைக் கேட்டவர்கள் அல்லர்.

இனித் தில்லிக்கு வருவோம். இங்குக் குளிர் உண்மையாகவே கொல்லும். 2006-ஆம் ஆண்டு ஜனவரி 8 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 0.2 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. 2021-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் 1.1 பாகை. அந்த இரவுகளில் மேம்பாலத்தடியில் படுத்திருந்தவர்களை நினைத்துக்கொண்டே நாம் ரஜாயை இழுத்துப் போர்த்தினோம். நம் தமிழர் பலர் காலங்காலமாக வாழும் கரோல்பாக்கை ஒட்டிய பூசா சாலையில், 2009 டிசம்பரில், வீடற்றோர்க்கென இருந்த தற்காலிகக் கூடாரம் ஒன்று நடுக்குளிரில் அகற்றப்பட்டது. செய்தி வெளிவந்து, நீதிமன்றங்கள் தலையிட்டு, 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வீடற்றோர்க்குத் தங்குமிடம் வழங்குமாறு பணித்தது. இன்று நாம் காணும் இரவுத் தங்குமிடங்களுள் பல அந்த வழக்கின் பின்விளைவே. அக்கூடாரத்தைக் கடந்து காய்கறி வாங்கச் சென்றவர்கள் நம்முள் இருந்திருப்பர்.

பழைய துணியைப் பற்றிப் பேசும்போது அன்ஷு குப்தாவைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. 1999-இல் தில்லியில் ‘கூஞ்ச்’ அமைப்பைத் தொடங்கி, 2015-இல் மகசேசே விருது பெற்றவர். இளமையில் அவர் பழைய தில்லியில் உரிமை கோருவார் அற்ற பிணங்களை வண்டியில் ஏற்றிச் செல்லும் ஒருவரைச் சந்தித்ததையும், குளிர் மிகுந்த இரவுகளில் பிணத்தைக் கட்டிக்கொண்டு உறங்குவதாக அவருடைய சிறு மகள் சொன்னதையும் பலமுறை கூறியிருக்கிறார். அக்குழந்தையின் சொல்லைக் கேட்ட பின்னர் எவருக்கும் தம் குவியலைப் பற்றிப் பெருமைப்படத் தோன்றாது. அவர் அமைப்பின் வழி ஊர்களுக்குச் செல்லும் துணி பெரும்பாலும் இரவலாகத் தரப்படுவதில்லை. ஊரார் கூடிக் கிணறு தோண்டுகின்றனர், பாதை போடுகின்றனர். அவ்வுழைப்புக்கு ஈடாகத் துணி பெறுகின்றனர். கொடுப்பவர் பெயரை விடப் பெறுபவர் நிமிர்வு பெரிது என்னும் எண்ணம் அதில் இருக்கிறது.

நிமிர்வு என்றதும் எனக்கு நாணம் தரும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ரஜாயில் பஞ்சு கட்டிதட்டிப் போனால் அதைப் பிரித்து, வில்லால் அடித்து, மீண்டும் நிரப்பித் தைப்பர். இப்பொழுது பெரும்பாலும் இயந்திரம் வைத்த கடைகளே இதைச் செய்கின்றன. எங்கள் தெருவுக்கு மட்டும் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு முதியவர் ஒருவர் இன்னும் வருகிறார். சென்ற ஆண்டு மூன்று கிலோ பஞ்சு கொண்ட ரஜாய்க்கு அவர் 450 ரூபாய் கேட்டார். நான் கால் மணி நேரம் வாதாடி 380 ரூபாய்க்கு இறக்கினேன். அன்று மாலையே குடியிருப்போர் சங்கத்தின் கம்பளி நிதிக்கு 500 ரூபாய் கொடுத்து இரசீதும் பெற்றுக்கொண்டேன். அந்த 500 ரூபாயில் 70 ரூபாய் அம்முதியவருடையது. இரசீதில் அவர் பெயர் இல்லை.

இவ்வாண்டு ஐப்பசியில் அவர் வந்து 480 ரூபாய் என்றார். பேரம் பேசாமல் சரி என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார்; பஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தார்; “பஞ்சில் ஏதேனும் குறை சொல்லப் போகிறீர்களா, பாபுஜி?” என்று கேட்டார். பிறகு நான் கேளாமலே தராசில் இட்டு எடையைக் காட்டினார். பேரம் என்பது எங்கள் இருவருக்கும் இடையே நடந்துவந்த ஒரு பேச்சு என்பதும், அதை நான் ஒருதலையாக நிறுத்திவிட்டேன் என்பதும் அப்பொழுது புரிந்தது. எனவே பேரமே பாவம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதில்தான் செய்தி இருக்கிறது. அந்த இடம் எது என்பது எனக்கு இன்னும் சரிவரப் பிடிபடவில்லை.

இங்கு நண்பர்கள் ஒரு மறுப்பை எழுப்புவர். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஊரில் வயது முதிர்ந்த பெற்றோர், தங்கையின் திருமணக் கடன், அண்ணன் மகனின் படிப்பு. இவற்றுக்கு அனுப்புவதே நம் ஈகை, அதற்கு மேல் அயலார்க்கு என்ன கடமை என்பர். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊருக்கு அனுப்பும் பணத்தைத் தருமம் என்று எவரும் எழுதிவைப்பதில்லை. ஆயினும் அதைவிடக் கடினமான தருமம் அரிது. எனினும் ஒன்று: நம் வாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் மனிதரும் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவரே. அவருக்கும் மணியார்டர் காலத்திலிருந்து ஊரில் காத்திருப்போர் உண்டு.

எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலர் பீகாரைச் சேர்ந்தவர். முன்னெல்லாம் காவலர்கள் சருகையும் பழைய மரப்பெட்டியையும் கொளுத்திக் குளிர்காய்வர். காற்று மாசு மிகும் நாள்களில் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. காவலர்களுக்குக் குடியிருப்போர் சங்கங்களே மின்சார ஹீட்டர் தர வேண்டும் என்பது ஆணை. அடைத்த அறைக்குள் கரியடுப்பு வைத்தாலோ, அதன் நச்சுவாயு உறக்கத்திலேயே உயிரைக் குடிக்கும். ஆண்டுதோறும் அத்தகைய செய்தியைப் படிக்கிறோம். ஆகவே சென்ற டிசம்பர்க் கூட்டத்தில் ஹீட்டர் பற்றிய பேச்சு வந்தது. மின்கட்டணத்தை யார் ஏற்பது என்று ஒருவர் வினவினார். இன்று ஹீட்டர் என்பர், நாளை வேறொன்று கேட்பர் என்றார் மற்றொருவர். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அதே கூட்டம், தங்குமிடம் ஒன்றுக்கு ஐம்பது கம்பளிகள் வழங்குவதென்றும் அதற்கு ஒரு துணிப்பதாகை எழுதுவதென்றும் ஒருமனதாகத் தீர்மானித்தது.

நான் வாய் திறக்கவில்லை. அறியாமையால் அன்று. அழைப்பிதழின் பின்புறத்தில் கணக்குப் போட்டே வைத்திருந்தேன். ஆயிரம் வாட் ஹீட்டர் இரவு பத்து முதல் காலை ஆறு வரை எரிந்தால் 8 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஓர் இரவுக்கு 64 ரூபாய். அறுபது இரவுகளுக்கு 3,840 ரூபாய். ஹீட்டரின் விலை 1,600 ரூபாயையும் சேர்த்தால் 5,440 ரூபாய். நாற்பது வீடுகளுக்கும் பகிர்ந்தால் வீட்டுக்கு 136 ரூபாய். முழுக் குளிர்காலத்துக்கும் அவ்வளவே. ஆனால் அதற்கு முந்தைய கூட்டத்தில், பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தலாகாது என்று சிக்கனத்தின் பெயரால் முழங்கியவன் நான். அந்த முழக்கத்துக்குக் கைதட்டலும் கிடைத்திருந்தது. ஆகவே தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது எனக்கு வாயிற்கதவைத் திறந்துவிட்டவர் அக்காவலரே.

அந்தத் தாளைப் பத்து நாள் கழித்தே வெளியே எடுத்தேன். அதற்குள் பனி கடுமையாகிவிட்டது. வீடு வீடாகச் சென்று கணக்கைக் காட்டினேன். வியப்பு என்னவெனில், எவரும் எதிர்க்கவில்லை. முப்பத்தொரு வீட்டார் அன்றே பணம் தந்தனர். கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர் இரண்டு பங்கு தந்தார். தொகை கண்ணுக்குத் தெரியாதவரை மலையாக இருந்தது. எழுதிக் காட்டியதும் மடுவாயிற்று. ஹீட்டர் வாங்கப்பட்டது.

பொங்கல் கழிந்து ஊரிலிருந்து வரும் மைத்துனரை அழைத்துவர, ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு இரயில் நிலையம் புறப்பட்டேன். கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. காவலறையில் ஹீட்டர் அணைந்து கிடந்தது. காவலர் கம்பளிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். பழுதோ என்று வினவினேன். “இல்லை, பாபுஜி. பன்னிரண்டு மணிக்கே அணைத்துவிடுவேன். மீட்டர் ஓடுகிறதே. பில் கூடினால் ஹீட்டரை எடுத்துவிடுவார்கள்; அதற்குப் பிறகு என்னையும்” என்றார்.

எங்கள் சிக்கனத்தை நாங்கள் அவரிடம் இறக்கிவைத்திருந்தோம். அவர் அதை எங்களைவிடக் கவனமாகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார். பொத்தானை நானே அழுத்தினேன். கம்பி சிவக்கும்வரை நின்றேன். ஆயினும் என் வண்டி தெருமுனையைத் தாண்டுமுன் அவர் அதை அணைத்துவிடுவார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அன்று மாலை ஒரு தாளில், என் அலுவலக இந்தியில், இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஹீட்டர் கட்டாயம் எரிய வேண்டும், அணைக்கலாகாது என்று ஆணைபோல எழுதினேன். சங்கச் செயலர் படித்துச் சிரித்துக் கையெழுத்திட்டார். காவலறையில் பொத்தானுக்கு மேலே அதை ஒட்டினேன். காவலர் அருகே வந்து, விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

“முத்திரை இல்லையே, பாபுஜி” என்றார்.

மறுநாள் முத்திரையும் இடப்பட்டது.